லாட்ஜ் அறையில் ஆராரோ

இரவு மணி பத்தரை. வெளியூரில், ஒரு லாட்ஜ் அறையில் இருக்கிறீர்கள். விளக்குகளை எல்லாம் அணைத்தாயிற்று. கட்டில் ஓரத்தில், கால் மரத்துப் போக, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பொட்டலத்தைப் பிரித்தால் காகிதம் சரசரக்குமே என்று, வாங்கி வந்த இட்லியைக் கூடச் சாப்பிடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டிருக்கிறீர்கள். கட்டிலில் சத்தமில்லை. 'அப்பாடா, தூங்கிவிட்டது!' என்று மெல்ல எழுந்திருக்கிற அந்த நிமிஷம் பார்த்து இருட்டிலிருந்து ஒரு குரல் வருகிறது:

"அம்மா, அந்த லைட்டு ஏன் சிவப்பா இருக்கு?"

டெலிவிஷனுக்கு அடியில் எரிகிற விளக்கு அது. கடுகளவுதான் இருக்கும். வீட்டில் ஒரு நாளும் கண்ணில் படாத அது, லாட்ஜில் மட்டும் சூரியனாகி விடுகிறது!

இப்படி ஓர் அனுபவம் உங்களுக்கு ஏற்பட்டதில்லை என்றால், ஒன்று உங்கள் குழந்தை தெய்வக் குழந்தை. அல்லது நீங்கள் குழந்தையோடு இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. என் கதையைக் கேளுங்கள்.

2018-ம் வருஷம், மே மாதம். ஒன்றுவிட்ட நாத்தனார் மகளுக்கு மதுரையில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். முதல் நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். கல்யாணக் கூட்டத்தில் குடும்பத்துக்கு ஓர் அறைதான் கிடைத்தது. அதில் அவர், நான், என் மாமியார், நாலு வயதுப் பெரியவன், ஒன்றரை வயதுச் சின்னவள். அறை லிஃப்டுக்கு நேர் எதிரே. கதவு திறக்கும் போதெல்லாம் லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி இங்கிலீஷில் மாடி நம்பர் சொல்லுவாள். பெரியவன் அதைத் திருப்பிச் சொல்லுவான்.

ரிசப்ஷன் முடிந்து அறைக்கு வரும் போது ஒன்பதே முக்கால். ஐஸ்கிரீம், போட்டோ, நாலு அத்தைமார்களின் மடி என்று ஏகப்பட்ட குதூகலம். பட்டுப் பாவாடையைக் கழற்றியதுமே சின்னவள் ஆரம்பித்துவிட்டாள். சாதாரண அழுகையா அது! அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டினார். பிறகு கீழேயிருந்து பையன் வந்து, "மத்தவங்க கம்ப்ளெயிண்ட் பண்றாங்கம்மா" என்றான், பாவம், என் முகத்தைப் பார்க்காமலே. பதினொன்றரைக்கு என்னவர் கொஞ்சம் காற்று வாங்கி வருவதாக வெளியே போனார். போகிறவர், கதவுப் பக்கத்தில் செருகியிருந்த அட்டைச் சாவியையும் உருவிக் கொண்டு போய்விட்டார். அந்த அட்டை இருந்தால்தான் அறையில் மின்சாரம்! ஏ.ஸி. நின்றது, விசிறி நின்றது. பாதிக் கண் மூடியிருந்த பெரியவனும் எழுந்து உட்கார்ந்து கொண்டான்.

அப்போதுதான் எதிர் அறையிலிருந்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்தார், கையில் ஒரு சிறு பாட்டிலுடன். "ஜலதோஷ மருந்துதான்மா. அரை மூடி ஊற்று, காலை வரைக்கும் அசையாது. என் பேரனுக்கெல்லாம் இதுதான்."

உங்களிடம் மறைப்பானேன்? நான் மூடியைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் யாராவது விஷம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் படித்திருப்பேனோ என்னவோ, அப்படி ஒரு களைப்பு. மாமியார்தான் கையைப் பிடித்தார். "ஏம்மா, சளியில்லாத பிள்ளைக்குச் சளி மருந்து எதுக்கு?"

எத்தனை சரியான கேள்வி! ஜலதோஷ மருந்து பலவற்றில் குளோர்பெனிரமின் போன்ற சரக்கு இருக்கிறது. தூக்கம் வருவது அதன் வேலை அல்ல, பக்க விளைவு. சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, படபடத்துக் கொண்டு தூக்கமே போய்விடும். அளவு மிஞ்சினால் மூச்சுக்கே ஆபத்து. 'அரை மூடி' என்பது ஓர் அளவா என்ன? குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். என் சின்னவளுக்கு அப்போது வயது ஒன்றரை. இன்று நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. டாக்டர் சொல்லாமல், தூங்க வைப்பதற்கென்று ஒரு சொட்டு மருந்து கூட வேண்டாம். இதில் மட்டும் நான் கறார்.

அன்றிரவு ஒரு வழியாக இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தோம். மூன்று மணிக்கு 'தொப்'பென்று ஒரு சத்தம். சின்னவள் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். கீழே அத்தை ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்த புண்ணியம், அவர் மேலேயே விழுந்தாள். காயமில்லை. ஆனால் முகூர்த்தத்தின் போது நான் நாற்காலியில் தூங்கி வழிந்த போட்டோ இப்போதும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது.

மறுநாள் இரவு குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தையும் நானும் கோயிலுக்குப் போனோம். மீனாட்சியம்மன் கோயிலில் இரவு பள்ளியறைப் பூஜை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, வாத்தியம் முழங்க அம்மன் சந்நிதிக்கு எடுத்து வருவார்கள். தீபாராதனை நடக்கும். பள்ளியறைக் கதவு சாத்தப்படும். தினந்தோறும் அதே வரிசை.

வெளியே வரும் போது அத்தை சொன்னார்: "சாமிக்கே தினம் முறை மாறாம செஞ்சுதான் பள்ளியறைக்கு அனுப்பறாங்க. நேத்து நம்ம பிள்ளைகளுக்கு என்ன செஞ்சோம், சொல்லு?"

நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டிலே ஏழு மணிக்கு வெந்நீரில் உடம்பு துடைப்பது, தயிர் சாதம், பெரியவனுக்கு நரிக் கதை, சின்னவளுக்கு என் பழைய வாயில் புடவைத் துண்டு, விளக்கணைத்ததும் முதுகில் தட்டல் என்று ஒரு வரிசை உண்டு. முந்தின இரவு அதில் ஒன்று கூட நடக்கவில்லை. நேரே பட்டுப் பாவாடையிலிருந்து கட்டில்! இரவு வந்துவிட்டது என்று அந்தக் குழந்தைகளுக்கு யார்தான் சொன்னார்கள்?

அறைக்குத் திரும்பினால் மூன்று பேரும் அயர்ந்து தூங்குகிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் இதைச் சொல்லிச் சொல்லி என்னவர் அடித்துக் கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உண்மைக் காரணம் வேறு என்று பின்னால் படித்துத் தெரிந்து கொண்டேன். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் பிடிக்காது என்று பாட்டிமார்கள் சொல்லுவார்களே, அது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து உறங்காமல், காவல்காரன் மாதிரி அரைத் தூக்கத்திலேயே இருக்கிறதாம். பின்னொரு நாள் அதே இடத்தில் படுத்த போது இந்த வித்தியாசம் இல்லை. அவர்கள் சோதித்தது பெரியவர்களை. பெரியவர்களுக்கே அப்படியென்றால் ஒன்றரை வயதுக்குக் கேட்பானேன்! ஆகையால் முதல் இரவு ரகளையானால், 'என் குழந்தை கெட்டுப் போயிற்று' என்று நொந்து கொள்ளாதீர்கள். முடிந்தால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ லாட்ஜுகளில் தங்கிவிட்டோம். இப்போதெல்லாம் நான் ரூமுக்குச் சொல்லும் போதே லிஃப்டுக்கும் சமையல்கட்டுக்கும் தள்ளி, வராந்தாக் கடைசியில் அறை கேட்டுவிடுவேன். ஓர் உபரி மெத்தையும், இரண்டாவது அட்டைச் சாவியும் கேட்பேன். போனவுடன் குழந்தைகளை அரைமணி நேரம் அறைக்குள் இஷ்டத்துக்கு மேயவிட வேண்டும். ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கட்டும், அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். பகலில் தெரிந்து கொண்ட அலமாரி இரவில் பூதமாகாது. ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒரு தடவை முழங்காலிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். பிளக் பாயிண்ட், கொசு மருந்துக் குப்பி, தொங்கும் திரைக் கயிறு, பால்கனிக் கதவு எல்லாம் குழந்தையின் உயரத்திலிருந்துதான் கண்ணில் படும்.

வீட்டுப் போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். முகம் சுளிக்காதீர்கள்! அந்த வாசனைதான் குழந்தைக்கு வீடு.

மத்தியானத் தூக்கத்தை வெட்டினால் இரவில் சீக்கிரம் தூங்கும் என்பது தப்புக் கணக்கு. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தைதான் அதிகம் அடம் பிடிக்கிறது. அதே சமயம், சாயங்காலம் ஆறு மணிக்குக் காரில் கண் அசந்தால் அன்றைய இரவு கோவிந்தா! அந்த நேரத்தில் பாட்டோ, விடுகதையோ, முறுக்கோ கொடுத்து விழிக்க வைப்பது முன் சீட்டில் இருப்பவர் பொறுப்பு.

வெளிச்சம் இன்னொரு சத்துரு. 2018-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டுச் சோதித்தார்கள். தூக்கத்தைக் கூப்பிடும் மெலடோனின் என்ற சுரப்பு எண்பது சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாம். லாட்ஜ் அறையில் ஏழு விளக்கு எரிய வைத்து, செல்போனையும் கையில் கொடுத்துவிட்டு, 'தூங்கு தூங்கு' என்றால் எப்படி? குளியலறை விளக்கை மட்டும் போட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். அது போதும்.

படுக்கை விஷயத்தில் இனி என் வீட்டில் கட்டில் கிடையாது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் குழந்தை சிக்கிக் கொள்ளும் இடுக்கு இருக்கும். இந்தப் பக்கம் படுத்தால் விழும், அந்தப் பக்கம் படுத்தால் சிக்கும். உபரி மெத்தையைத் தரையில் போட்டுவிட்டால் கவலை விட்டது. கூரைக் கொக்கியைப் பார்த்ததும் தூளி கட்ட ஆசை வரும். அந்தக் கொக்கி எத்தனை பாரம் தாங்கும் என்று லாட்ஜுக்காரருக்கே தெரியாது, வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. லாட்ஜின் புசுபுசு மெத்தையும் தலையணையும் அதற்கு ஆகாது. அழுந்தாத சமமான படுக்கையில், மல்லாக்க, பக்கத்தில் தலையணையோ கனத்த போர்வையோ இல்லாமல் படுக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022-ம் வருஷத்து யோசனை. தாயின் படுக்கையில் அல்ல, தாயின் அறையில் என்பது அதன் கட்சி.

தோளில் தூங்கிய குழந்தை, கிடத்தியதும் விழித்துக் கொள்கிறதே, அதற்கும் ஓர் உபாயம் உண்டு. ஜப்பானில் ரிகென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் வெளியிட்டது. அழுகிற சிசுவை எடுத்துக் கொண்டு 5 நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியதும் கிடத்திவிடாமல், மடியில் வைத்தபடி இன்னும் 5 முதல் 8 நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகுதான் படுக்கை. மெத்தையில் முதுகு படுவதால் அல்ல, அம்மாவின் உடம்பை விட்டுப் பிரிவதாலேயே குழந்தை விழிக்கிறது என்று இருதயத் துடிப்பை அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். லாட்ஜ் வராந்தா என்பது இந்த 5 நிமிஷ நடைக்காகவே கட்டியது போலிருக்கிறது. நடப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இரண்டு குழந்தைகளை ஒரே சமயத்தில் படுக்க வைக்காதீர்கள். ஒன்று சிரித்தால் மற்றது எழும். சின்னது தூங்கும் வரை பெரியவனை அப்பா கீழே அழைத்துப் போய்ப் பஸ் பார்க்கட்டும். போகும் முன் அட்டைச் சாவி சுவரிலேயே இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். சாப்பாட்டையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். இருட்டில் இட்லிப் பொட்டலத்தோடு உட்காரும் தவம் ஒரு தடவை போதும்.

அந்தச் சிவப்பு விளக்கு சமாசாரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? என் கைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருக்கும். அறைக்குள் போனதும் கறுப்புப் பொட்டாகப் பார்த்து எடுத்து, டெலிவிஷன் விளக்கின் மேல் ஒன்று, ஏ.ஸி. விளக்கின் மேல் ஒன்று ஒட்டிவிடுவேன். காலையில் எடுக்க வேண்டும் என்று நினைப்பதுண்டு. கிளம்பும் அவசரத்தில் மறந்து போகும். இந்நேரம் ராமேசுவரத்திலும் கொடைக்கானலிலும் எத்தனை டெலிவிஷன்கள் நெற்றியில் என் பொட்டோடு இருக்கின்றனவோ!