மிதிவண்டிக்கேற்ற டயர்: அளவும் பருவமும்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினர் மிதிவண்டி வைத்திருந்தனர். பால், செய்தித்தாள் வினியோகிப்போர்க்கும் சிறு தொழிலாளர்க்கும் அது பிழைப்புக்கான மூலதனம். பொருந்தாத டயரை வாங்கினால் பணம் வீணாவதுடன், உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும்.

குளிரும் ஈரமும்

பனி உறையும் பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்திற்கென எஃகு முனைகள் பதித்த டயர்கள் பயன்படுகின்றன. பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் அவற்றுக்குத் தேவை இல்லை. அங்கு ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உள்ளது. சாலை வழுக்குவது குளிரால் அன்று, மழையால். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோயை அடுத்து உருவான இக்குடியிருப்பில், சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் மரங்களால் பெயர் பெற்றவை. நனைந்த இலைச்சருகு படிந்த சாலைத் திருப்பங்களில் சக்கரம் எளிதில் சறுக்கும்.

ஆழமாக வெட்டிய டயரே மழைக்கு உகந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தார்ச்சாலையைப் பொறுத்தவரை இது சரியன்று. மிதிவண்டி டயரின் குறுகிய, வளைந்த பரப்பு நீரைத் தானே விலக்கிவிடும். ஆழ்ந்த வெட்டுகள் சேற்றுப் பாதைக்கே உதவும். தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவன தேயாத, வெடிப்பில்லாத ரப்பரும், சற்றே கூடுதலான அகலமும், அளவான காற்றழுத்தமும் ஆகும்.

இரண்டு எண்கள்

அங்குலக் கணக்கை மட்டும் நம்புவது தவறுக்கு வழிவகுக்கும். 26 × 1½ என்பதும் 26 × 1.50 என்பதும் கணக்கில் ஒன்றே. ஆனால் முன்னது 584 மி.மீ. விட்டமுள்ள ரிம்மிற்கும், பின்னது 559 மி.மீ. விட்டமுள்ள ரிம்மிற்கும் உரியவை. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. நம் நாட்டின் மரபான வண்டிகளில் காணப்படும் 28 × 1½ டயரின் அளவு 635 மி.மீ.; 28 அங்குலம் என்றே குறிக்கப்படும் வேறு சில டயர்களுக்கு 622 மி.மீ. விட்டமே பொருந்தும். சிறிய டயர் ரிம்மில் ஏறாது. பெரிய டயர் காற்றடைத்த பின் கழன்று விடக்கூடும்.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் சர்வதேசத் தர நிர்ணயம் உருவானது. அதன்படி 40-635 என்ற குறியீட்டில் 40 என்பது டயரின் அகலம், 635 என்பது டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். சைக்கிள், ரிக்‌ஷா டயர்களுக்கென ஐ.எஸ். 2414 என்ற இந்தியத் தர நிர்ணயமும் உண்டு.

தேர்வு முறை

முதலாவதாக, பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எண்ணில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறலாகாது. முதல் எண்ணைச் சிறிது கூட்டலாம். எனினும் டயருக்கும் ஃபோர்க், மட்கார்டு ஆகியவற்றுக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் அவசியம். இல்லையேல் சேறும் சருகும் சிக்கிச் சக்கரம் தடைபடும். இறுதியாக, டயரில் குறித்த வரம்புக்குள் மழைக்காலத்தில் காற்றைச் சற்றுக் குறைக்கலாம். பின்புறம் சுமை ஏற்றுவோர் பின்சக்கரத்தில் அவ்வாறு செய்யலாகாது.

விலையைக் கேட்கும் முன் குறியீட்டைப் படிக்கும் பழக்கம் நுகர்வோரிடையே பரவினால், தர நிர்ணயத்தின் பயன் சாமானியரையும் எட்டும்.