முள் தெரியும் மீன் ஓவியம்

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது காக்கடு தேசியப் பூங்கா. இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற காடு இது. யெல்லோ வாட்டர் நீர்நிலையில் படகேறினால் முதலைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். கையை மட்டும் வெளியே நீட்டிவிடாதீர்கள்!

நேயர்களே, அங்கே போய் உபிர் பாறை ஓவியங்களைப் பார்க்காமல் திரும்பினால் பாதிப் பயணம் வீண். பாராமுண்டி மீனை வரைந்த பழங்குடியினர், அதன் நடுமுள்ளையும் குடலையும்கூடச் சேர்த்தே தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் டாஸ்மேனியப் புலி ஒன்று. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்த விலங்கு அழிந்தே 2,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

போவதென்றால் மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவம்தான் வசதி. மழைக்காலத்தில் பல சாலைகள் தண்ணீரில் மூழ்கிவிடும்.