சிங்கப்பூரா, கோலாலம்பூரா?

ஸ்ரீவைகுண்டத்தில் விடுமுறைப் பேச்சு இப்போதெல்லாம் குற்றாலம், கொடைக்கானலோடு நிற்பதில்லை. பிள்ளை பெங்களூரில் சம்பாதிக்கிறான்; அப்பா அம்மாவுக்கு பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டான். மிச்சமிருப்பது எந்த ஊர் என்பதுதான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சாலை வழியில் 350 கிலோமீட்டர். இங்கிருந்து திருச்சி போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

அன்று இப்படியொரு கேள்வி எழ வழியில்லை. தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு அக்கரை என்றால் முதலில் கொழும்பு. பக்கத்திலிருக்கும் தூத்துக்குடியில் கப்பல் ஏறலாம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்தத் தடத்தில்தான். மலாயா அதற்கு அடுத்தது. அதற்கு நாகப்பட்டினம் வரை ரயிலில் போய் ‘ரஜுலா’வைப் பிடிக்க வேண்டும். 1926-இல் கட்டப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய அந்தக் கப்பல் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று தொட்டுக்கொண்டு கடைசியில் சிங்கப்பூர் சேரும். பெரும்பாலோருக்கு மேல்தளத்தில் பாய் விரிக்கும் அளவு இடம். குளிரோ மழையோ எல்லாம் அங்கேயே.

எங்கே இறங்குவது என்பதை உறவு முடிவு செய்தது. மாமா கிள்ளானில் கணக்குப்பிள்ளை என்றால் கிள்ளான். சித்தப்பா சிராங்கூன் சாலைக் கடையில் இருந்தால் சிங்கப்பூர். பிழைக்கப் போனார்கள், சுற்றிப் பார்க்கப் போனவர் அபூர்வம்.

இறங்கிய பின்னும் இரண்டு ஊருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டிலும் ஒரே வெள்ளி செல்லுபடியாகும். 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தை பாஸ்போர்ட் காட்டாமல் கடக்கலாம். 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967-இல் காசும் தனித்தனியானது, பாலத்தில் பாஸ்போர்ட் சோதனையும் வந்தது. அப்போதும் இரண்டு வெள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. 1973 வரை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ள முடிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். இன்றைய குடும்பத்தின் முடிவில் பாதியை அந்த விகிதமே எடுத்துவிடுகிறது. விடுதி வாடகை, காலை இட்லி, டாக்ஸி எதிலும் அது தெரியும்.

மற்ற பாதி விசா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்கு விசா உண்டு. ஆளுக்கு 30 வெள்ளி, அதற்குமேல் ஏஜெண்டின் கூலி, அளவு தவறாத புகைப்படம், காத்திருப்பு. நாலு பேர் உள்ள வீட்டில் இதுவே ஒரு தொகை.

விமானத்தில் வித்தியாசம் இல்லை. திருச்சியிலிருந்து இரண்டுக்கும் நேராகப் போகலாம், நாலு மணி நேரம். ரஜுலாவுக்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் எண்பதுகளின் நடுவில் தீப்பிடித்து நின்றது. அதோடு கடல்வழி முடிந்தது. அந்தப் பாயையும் வாந்தியையும் நினைத்து ஏங்க எனக்கு மனமில்லை.

பிறகு வயது. பிள்ளைகள் சிங்கப்பூரின் செந்தோசாவைக் கேட்பார்கள். பெரியவர்களுக்கு கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலை. 2006-இல் எழுந்த 140 அடி முருகன், பின்னால் 272 படி. முழங்கால் வலிக்காரர்கள் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு வரலாம். கள்ளபிரானைச் சேவித்து வளர்ந்தவர்களுக்கு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலும் பிடிக்கும். அங்கே தைப்பூசக் காவடி பெருமாள் சன்னதியிலிருந்தே கிளம்புகிறது. என்னைக் கேட்டால், ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவது நல்லது. நடுவே பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். கூடுதல் செலவு சிங்கப்பூர் விசாதான்.

திரும்பும்போது கோடாலித் தைலம் மட்டும் மாறவில்லை. அன்று டிரங்குப் பெட்டியில் வந்தது, ஊரில் கிடைக்காத பொருள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு புட்டி போகும். இன்று செல்போனில் சொன்னால் வீட்டுக்கே வரும். ஆனாலும் சிங்கப்பூர் முஸ்தபா கடையில் டஜன் கணக்கில் வாங்குகிறார்கள். கேட்டு வாங்க ஆள் குறைந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கடைசியில் கோலாலம்பூர் என்று முடிவானது. விடுதியும் போட்டாயிற்று. அப்போதுதான் பாட்டி, தாத்தாவின் அண்ணன் மக்கள் கிள்ளானில் இருக்க வேண்டுமே என்றார். கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிற தூரம். முகவரி யாரிடமும் இல்லை. கடைசிக் கடிதம் எந்த வருஷம் வந்தது என்பதும் நினைவில் இல்லை. பேரன் முகநூலில் பெயரைத் தட்டினான். அதே பெயரில் நூறு பேர் வந்தார்கள். நாலு நாள் பயணத்தில் கெந்திங் மலைக்கே ஒரு நாள் போய்விடும் என்று அவன் பட்டியலை மூடினான்.