உடன்வரும் செயலிகளும் பிறர் செருகுநிரல்களும்

செருகுநிரல் என்பது ஏற்கெனவே உள்ள ஒரு மென்பொருளுடன் இணைந்து, அதில் இல்லாத வசதியைச் சேர்க்கும் சிறிய நிரல் ஆகும். இது நீட்சி என்றும் அழைக்கப்படுகிறது. கணினியையோ கைபேசியையோ வாங்கும்போதே அதில் அமைந்திருக்கும் நோட்பேட், உலாவி, விசைப்பலகை போன்றவை உடன்வரும் செயலிகள் எனப்படும். இவற்றோடு வெளியார் எழுதிய நிரல்கள் இணைந்து இயங்க மென்பொருள் நிறுவனங்கள் இடமளிக்க வேண்டுமா என்பது பல ஆண்டுகளாக விவாதிக்கப்படும் கேள்வி. கணினித் தமிழின் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான ஒரு சான்றைத் தருகிறது.

தமிழ் உள்ளீடு

திருவண்ணாமலையில் ஒரு மாணவர் கார்த்திகைத் தீபம் பற்றிய கட்டுரையைக் கணினியில் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். அவருக்கு முதலில் தேவைப்படுவது தமிழ் விசைப்பலகை. விண்டோஸ் 2000 இயங்குதளத்திலேயே ஒருங்குறித் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதனுடன் வந்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. தமிழ்நாட்டில் பலர் பழகியிருந்தது பழைய தட்டச்சுப்பொறி முறை. வேறு பலர் ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டும் முறையைப் பின்பற்றினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10 இயங்குதளத்துடன் சேர்ந்து வந்தது 2019 ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற வெளியார் மென்பொருள்களே அந்த இடத்தை நிரப்பின. இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள்கூட கீமேன் என்னும் இன்னொரு மென்பொருளைத் துணைக்கொண்டே இயங்கின. பயனர் தட்டும் விசைகளை வெளியார் நிரல் பெற்றுத் தமிழாக மாற்றித் தர இயங்குதளம் அனுமதித்ததால்தான் இவை நோட்பேடிலும் உலாவியிலும் இயங்க முடிந்தது.

ஆதரவான காரணங்கள்

ஒரு நிறுவனம் உலகின் எல்லா மொழியினரின் தேவையையும் முன்னறிந்து செய்து தர இயலாது. சிறிய சந்தை உள்ள மொழிகள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இணைப்புக்கு வழி இருந்தால், அம்மொழி அறிந்தவர்களே குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இதனால் நிறுவனங்களும் பயன்பெறுகின்றன. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 ஆம் ஆண்டில் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். அதன் அஞ்சல் விசைமுகம் பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளிலும் ஐபோனிலும் உடன்வரும் வசதியாகவே இடம்பெற்றது. வெளியார் செய்து பயனர்களிடம் நிலைபெற்ற ஒன்றை நிறுவனம் பிறகு தன்னுடையதில் சேர்த்துக்கொண்டது.

எதிரான காரணங்கள்

நிறுவனங்களின் தயக்கமும் காரணமற்றது அன்று. செருகுநிரலால் செயலி நின்றுபோனாலும் பயனர் குறை கூறுவது செயலியைத் தந்தவரைத்தான். பாதுகாப்புச் சிக்கல் இன்னும் பெரியது. உலாவிகளில் செருகுநிரலாக இயங்கிய அடோபி பிளாஷ், தொடர்ந்து கண்டறியப்பட்ட ஓட்டைகளால் பெயர்பெற்று, 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை இழந்தது.

விசைப்பலகையில் ஆபத்து மேலும் கூடுதல். தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியே செல்கிறது. ஏ.ஐ.டைப் என்னும் விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்ததும், சுமார் 3.1 கோடிப் பயனர்களின் விவரங்கள் வெளிப்பட்டதும் 2017 டிசம்பரில் தெரியவந்தன.

இணைப்பு முறை மாறும்போது

இடமளித்த நிறுவனமே பின்னர் விதிகளை மாற்றுவதும் உண்டு. 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை ஏற்பதை நிறுத்தியது. வேகமும் பாதுகாப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. புதிய முறையில் மாற்றி எழுதப்படாத நீட்சிகள் செயலிழந்தன. ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் ஒருவர் எழுதிய நிரலை மீண்டும் எழுத ஆள் கிடைப்பது எளிதன்று. ஆகவே இத்தகைய மாற்றங்களால் முதலில் பாதிக்கப்படுபவை சிறிய மொழிகளுக்கான கருவிகளே.

நடுவழி

முழுவதும் திறப்பது, முழுவதும் மூடுவது ஆகிய இரண்டுக்கும் இடையே வழி உண்டு. ஆண்ட்ராய்டு 2009 ஆம் ஆண்டிலேயே வெளியார் விசைப்பலகைகளை ஏற்றது. ஆப்பிள் 2014 ஆம் ஆண்டில் ஐ.ஓ.எஸ். 8 பதிப்பில் அவற்றை அனுமதித்தபோது வரம்புகளையும் விதித்தது. கடவுச்சொல் கட்டங்களில் வெளியார் விசைப்பலகை தோன்றாது. பயனர் தனியே இசைவு தந்தாலன்றி அது இணையத்தைத் தொடர்புகொள்ள முடியாது.

ஆதரவு தருவது என்றால் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் பொறுப்பேற்பது என்று பொருளல்ல. இணைப்பு முறையை ஆவணப்படுத்தி வெளியிடுவது, செருகுநிரல் எதைத் தொடலாம் என்பதற்கு வரம்பிடுவது, முறையை மாற்றுமுன் போதிய காலம் தந்து அறிவிப்பது ஆகியவை நிறுவனத்தின் கடமைகள். இசைவு கேட்கப்படும்போது படித்துப் பார்த்துத் தருவது பயனரின் கடமை. இவை நிறைவேறும் இடத்தில் செருகுநிரல்களை அனுமதிப்பதே தகும். இல்லையேல், அரசு ஏற்ற ஒரு விசைப்பலகைக்காக மாணவர் இருபது ஆண்டுகள் காத்திருக்க நேரும்.