ஆறாத கால் புண்ணுக்கு அழுத்தக் கட்டு

சகோதரிகளே, சாயந்திரமானால் கால் கனக்கிறதா? கெண்டைக் காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு நிற்கிறதா? உள் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்து அரிக்கிறதா? 'வேலை அலுப்பு, படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கறுத்த இடத்தில் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தாலே போதும். மாதக் கணக்கில் ஆறாத புண்ணாகிவிடக்கூடும். என் மாமியார் பட்ட பாட்டைப் பார்த்ததால் சொல்கிறேன்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். அத்தை 30 வருஷம் இட்லிக் கடை நடத்தியவர். விடியுமுன் அடுப்பு முன்னால் நின்றால் மத்தியானம் வரை நின்றபடியேதான் வேலை. நாலு பிள்ளை பெற்றவர். கணுக்காலில் மிளகளவு வந்த புண், இரண்டு வருஷத்தில் உள்ளங்கை அகலம் ஆயிற்று. களிம்பு, பவுடர், பச்சிலை எல்லாம் பார்த்தாயிற்று. ஓயாமல் நீர் வடியும், வாடை வேறு. ஆடித் தபசுக்கு ஆடிச் சுற்று சுற்றுவதை நிறுத்தினார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், "பக்கத்துல இருக்கவங்க மூக்கைப் பொத்துதாங்க. நான் எப்படிம்மா வருவேன்?" என்பார்.

எங்கள் ஊர் சங்கரநாராயண சுவாமி கோயில் புற்று மண் தோல் வியாதிக்கு நல்லது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அதை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள், கும்பிடுங்கள். ஆனால் திறந்த புண்ணில் எந்த மண்ணும் படக்கூடாது. மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூளும் வேண்டாம்.

டாக்டர் சொன்ன விளக்கம்

திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மருந்தைவிடக் கட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அத்தைக்குப் பயம். "புண்ணு காலை இறுக்கிக் கட்டுனா ரத்தம் ஓடாம அழுகிப் போயிராதா டாக்டரய்யா?"

"உங்க காலுக்கு ரத்தம் வர்றதுல குறையில்லைம்மா. வந்த ரத்தம் மேலே திரும்பிப் போறதுலதான் குறை" என்றார் அவர்.

கிணற்று மோட்டாருக்கு புட் வால்வு இருக்கிறதல்லவா? அது பழுதானால் ஏறிய தண்ணீர் மறுபடி கீழே இறங்கிவிடும். நாம் 'நரம்பு' என்று சொல்வது உண்மையில் சிரை என்னும் ரத்தக் குழாய். அதற்குள்ளும் வால்வுகள் உண்டு. கெண்டைச் சதைதான் மோட்டார். நடக்கும்போது அது குழாயை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். வால்வு கெட்டால் ரத்தம் கணுக்காலில் தேங்கி, கால் வீங்கி, தோல் கறுத்து நலிந்துவிடும். மேலே எத்தனை களிம்பு தடவினாலும் தேக்கம் வடியாமல் புண் ஆறாது. கட்டு வெளியிலிருந்து அமுக்கித் தேக்கத்தை வடிய வைக்கிறது.

இது புது வைத்தியமல்ல. சுச்ருத சம்ஹிதையே புண்ணுக்கான 60 சிகிச்சை முறைகளில் கட்டுப் போடுவதையும் சேர்த்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உன்னா என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் துத்தநாகப் பசை தடவிய கட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. 1980-களில் லண்டன் சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் நாலு அடுக்குக் கட்டு உருவானது.

கட்டும் முறை

முதல் கட்டை டாக்டரோ பயிற்சி பெற்ற நர்சோதான் போட வேண்டும். பிறகு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

* காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன், வீக்கம் வடிந்திருக்கும்போது கட்டவும்.
* புண்ணைச் சுத்தம் செய்து, டாக்டர் சொன்ன துணி வைத்து, எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சு சுற்றவும்.
* பாதத்தை 'ட' எழுத்துப் போல மடக்கி வைத்து, விரல்களின் அடியில் ஆரம்பித்துக் குதிகாலையும் மூடி முழங்காலுக்குக் கீழ்வரை வரவும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும்.
* கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்பது டாக்டர்கள் வைக்கும் இலக்கு.
* விரல் நீலமானாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே அவிழ்த்துவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.

கட்டோடு முடங்கிக் கிடக்கக்கூடாது. நடந்தால்தான் கெண்டைச் சதை வேலை செய்யும். உட்காரும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டவும். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தவும். பருப்பு, முட்டை, பால் என்று சத்தாகச் சாப்பிட்டால்தான் புதுச் சதை வளரும்.

எல்லோருக்கும் அல்ல

இது முக்கியம். சிலருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே அடைத்திருக்கும். அவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. அதனால் கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.8-க்குக் கீழே வந்தால் இந்த முழு இறுக்கம் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்களும் புகைபிடிப்பவர்களும் இருதய நோயாளிகளும் சோதனை இல்லாமல் கட்டவே கூடாது. மாதக் கணக்கில் ஆறாமல் ஓரம் தடித்து வளரும் புண்ணிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு. புற்றுநோயா என்று பார்க்கத்தான்.

ஆறிய பிறகு

முதல் வாரம் அத்தை, "அரிக்குதும்மா, அவுத்துப் போடு" என்று ஒரே சண்டை. இரண்டாம் வாரம் நீர் வடிவது குறைந்ததும் அவரே காலை நீட்டினார். ஐந்தாம் மாதம் தோல் மூடியது.

ஆனால் மூடியதோடு முடிவதில்லை. வால்வு பழையபடிதானே இருக்கிறது? டாக்டர் அழுத்தக் காலுறை, அதாவது ஸ்டாக்கிங்ஸ், தினம் போடச் சொன்னார். சித்திரை வெயிலில் அத்தை அதைக் கழற்றி வைத்தார். மூன்றே வாரத்தில் பழைய இடத்தில் கசிவு! மறுபடி கட்டி ஒரு மாதத்தில் ஆற்றினோம். இப்போது விடிந்ததும் முதல் வேலை காலுறை. இரவில் கழற்றித் துவைத்து நிழலில் உலர்த்துகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

கெட்ட சிரையை அடைக்கும் சிகிச்சையும் இன்று உண்டு. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கட்டோடு இந்தச் சிகிச்சையைச் சீக்கிரமே செய்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் 56 நாளில் ஆறியது. தள்ளிப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. ஆகவே டாக்டரிடம் ஸ்கேன் பற்றியும் கேளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு

பிள்ளைப்பேற்றின்போதுதான் பலருக்கு இந்தச் சுருள் ஆரம்பிக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது காலையும் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே போங்கள். அடுப்படியில் ஒரு முக்காலி போட்டுக் காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். தறியில் நிற்பவர்களும் கடையில் நிற்பவர்களும் நடுநடுவே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் கால் பிடித்துவிடுகிற நாம், நம் காலை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துக்கொள்வதில் தப்பே இல்லை.