தூர தேசத்தில் இருக்கும் வீரருக்கு வீடு தரும் தெம்பு

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த 40 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான சிவச்சந்திரன், அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்தவர். வீரர் ஒருவர் உயிர் நீத்தால் ஊரே திரண்டு அஞ்சலி செலுத்துகிறோம். உயிரோடு காவலில் நிற்பவரின் மனநலத்துக்கு வீடும் ஊரும் என்ன செய்யலாம் என்பதை மட்டும் ஏனோ பேசாமலே விட்டுவிடுகிறோம்.

நம் வீரர்கள் நாட்டின் எல்லைக்குள் மட்டும் பணியாற்றுவதில்லை. 1950-ல் கொரியாவுக்கு மருத்துவப் பிரிவை அனுப்பியது முதல் இன்றுவரை, ஐ.நா. அமைதிப்படையில் இந்திய வீரர்கள் தொடர்ந்து சேவை செய்துவருகிறார்கள். லெபனான், காங்கோ, தெற்கு சூடான் என்று போகிறவர்கள் பல மாதங்கள், சமயத்தில் ஓராண்டுகூட, வீட்டைப் பிரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

குண்டுச் சத்தம் மட்டுமா காரணம்?

போர்முனையில் மனம் உடைவதற்கு அங்கே பார்க்கும் கொடுமைகள்தான் காரணம் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. இராக், ஆப்கானிஸ்தான் களங்களில் இருந்த பிரிட்டன் வீரர்களிடம் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் களத்திலேயே விவரம் கேட்டு, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் மனநலம், சண்டையில் எவ்வளவு ஈடுபட்டார்கள் என்பதைத் தாண்டியும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது.

இது புதிதாக முளைத்த சங்கதியும் அல்ல. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்த அதிகாரிகள் எடுத்துவைத்த பகுதிகள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. பதுங்குகுழிக்குள் இருந்தபடி அந்த மனிதர்கள் விளைச்சலையும் வீட்டுக்கு அனுப்பிய பணத்தையும் வழக்கு வியாஜ்ஜியத்தையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

வீட்டுக் கவலை முதலில் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், கோபம் பொத்துக்கொண்டு வரும். கையில் துப்பாக்கியோடு இரவுக் காவலில் நிற்பவருக்கு அந்தக் கவனச் சிதறலே ஆபத்து.

போனில் என்ன பேசுவது?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். செட்டிகுளம் என்ற ஊர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் அறுவடை நேரம். மருமகள் நாளெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்து, இரவு பத்து மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். தெற்கு சூடானில் அப்போது மாலை ஆறரை. கணவர் வீடியோ காலில் வருகிறார். விலை படுத்துவிட்டது, மாமியாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கொழுந்தனார் வரப்புத் தகராறு செய்கிறார் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறாள். அவள் மேல் குற்றம் இல்லை, அவளுக்கும் சொல்லி அழ வேறு ஆள் இல்லை. அங்கே அவர் இன்னும் இரண்டு மணி நேரத்தில் காவலுக்குப் போக வேண்டும்.

எதையும் சொல்லாதே என்று பெரியவர்கள் அடக்குவார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். மறைத்த செய்தி எப்படியும் பங்காளி வழியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அவர் காதுக்குப் போய்விடும். ஒருமுறை மறைத்தது தெரிந்துவிட்டால், பிறகு "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொன்னாலும் நம்ப மாட்டார். சொல்லுங்கள். சொல்லும்போது அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காங்க" என்றால் அது கவலையாகத் தங்காது. காவலுக்குப் புறப்படும் நேரமா என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. உயிர் போகிற அவசரம் என்றால் அவர் படைப்பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உடன் இருக்கும் அதிகாரி பக்குவமாகச் சொல்வார், விடுப்புக்கும் வழி பார்ப்பார்.

ஒப்பந்தம் போட்டதுபோல் தினமும் பேசியாக வேண்டும் என்பதும் இல்லை. பணி முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒற்றுமையான தம்பதிகளிடையே கடிதம், பார்சல், மின்னஞ்சல் அதிகம் போய்வந்த இடத்தில் போருக்குப் பிந்தைய மனநல அறிகுறிகள் குறைவாக இருந்தன. பிள்ளை கிறுக்கிய படத்தையும் நாலு வரியையும் அனுப்பிப் பாருங்கள். நெருக்கும் நேரத்தில் எடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துக்கொள்வார்.

வீட்டில் இருப்பவருக்கு யார் துணை?

வீரருக்குத் தெம்பு தருபவர் தளர்ந்துவிடக் கூடாது. தலைவலி, நெஞ்செரிச்சல், படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருவது எல்லாம் மனச்சோர்வின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் நிறுத்தியிருந்த பழக்கம் திரும்பி மீண்டும் படுக்கையை நனைப்பார்கள், பள்ளிக்கூடம் போக அடம்பிடிப்பார்கள். பேய்க்கோளாறு என்று மந்திரிக்கப் போகும் முன், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

வயதான பெற்றோருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு முதல் நடக்கிறது. அதில் பதிந்துவிட்டாலே மகனின் ஒரு கவலை குறையும்.

நிலத் தகராறு, கோர்ட்டு வழக்கு என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். பெயரைப் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம், பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் அங்கே வழிகாட்டுவார்கள். போர்ச் சூழலிலோ கடல் கடந்தோ பணியாற்றும் வீரர் மீதான சிவில் வழக்கில் அவர் தரப்பில் ஆஜராக ஆள் இல்லையென்றால், ஆட்சியரின் சான்றின்பேரில் விசாரணையை நிறுத்திவைக்க 1925-லேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு

வந்த அன்றே பாக்கிக் கணக்கையும் பஞ்சாயத்தையும் எடுத்து வைக்காதீர்கள். சில வாரங்களுக்கு அவர் சரியாகத் தூங்க மாட்டார், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார், கதவு படாரென்று சாத்தினால் துள்ளி எழுவார். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, குடி கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்கக் கூடாது.

உடம்பிலும் ஒரு கண் இருக்கட்டும். காங்கோ, தெற்கு சூடான் போன்ற நாடுகளில் மலேரியா கடுமை. ஊர் திரும்பிச் சில வாரங்கள், ஏன், மாதங்கள் கழித்தும் அது தலைகாட்டும். காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாமல், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தனிப்பிரிவு 2023 டிசம்பரிலிருந்து புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் செயல்படுகிறது. உங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீடு இருந்தால், இந்த எண்ணை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.