பல பயிருக்குப் பக்கத்து ஊர்தான் சந்தை

சோழபுரம், ராஜபாளையம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் காய்ப்பு குறைந்தால் ஒரு கவலை. நன்றாகக் காய்த்துவிட்டால் வேறு கவலை. சப்பட்டை மாம்பழத்துக்கு ஊர் பெயர் சொல்லும் மவுசு உண்டுதான். எல்லார் தோப்பும் ஒரே நேரத்தில் பழுத்து வரத்து குவிந்தால் அந்த மவுசு விலையைக் காப்பாற்றாது. இப்படி ஒரே பயிரை நம்புவதற்கு மாற்றாக ஒரே நிலத்தில் பல பயிர் வைக்கச் சொன்னார் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அதே திசையில், 1978-இல் ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ‘பெர்மாகல்ச்சர்’ என்ற பெயரில் ஒரு பண்ணை வடிவமைப்பு முறையை நூலாக்கினார்கள். மண்ணையும் நீரையும் பற்றி இந்த முறை சொல்வதை நம்மவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். விளைந்ததை யாரிடம் விற்பது என்ற பாதிதான் பேச்சில் விடுபட்டுப் போகிறது. அந்தப் பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது.

முதலில் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருந்தாலும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 32 லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சரிவுக்குக் குறுக்கே வரப்பும் குழியும் வெட்டி, மண்ணின் மேல் சருகை மூடாக்காகப் போட்டால் ஓடுகிற நீர் நின்று இறங்கும். தென்னைக்குக் கீழே வாழை, அதற்குக் கீழே மஞ்சளும் சேம்பும், வேலியில் முருங்கையும் அகத்தியும் என்று அடுக்கினால் வெயில் தரையைச் சுடாது. தினமும் கை படவேண்டிய கீரையும் கோழியும் வீட்டை ஒட்டி, எப்போதாவது பார்த்தால் போதும் என்கிற மரங்கள் கடைசியில்.

இப்படிப்பட்ட ஒரு ஏக்கரில் ஒரு காலையில் என்ன கிடைக்கும்? பத்துக் கட்டுக் கீரை, மூன்று கிலோ கத்திரிக்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு படி சுண்டைக்காய், பதினைந்து முட்டை. இதைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால் வண்டிக் கூலிக்கே கட்டாது. அங்கே கேட்பது ஒரே காய், ஒரே தரம், மூட்டை மூட்டையாக. ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்படி கேட்பது இந்தக் கலவையைத்தான். முப்பது வீடுகள் வாரம் ஒரு கூடை வாங்கினால், நிலத்தின் பன்மையே சரக்காகிவிடும். அதற்கு வாங்குகிறவர் வண்டியில் போய்வரும் தூரத்தில் இருக்கவேண்டும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும் இடைத்தரகு இல்லாத இந்த நெருக்கத்தையே நம்பியது.

இதெல்லாம் வசதியானவர்கள் வாங்குவதற்குத்தானே என்று கேட்பார்கள். தொலைவிலுள்ள நகரத்துக் கடையில் ‘ஆர்கானிக்’ என்று விற்கும்போது வண்டி, பொட்டலம், கடை வாடகை, கழிவு எல்லாம் விலையில் ஏறுகின்றன. பக்கத்து ஊரில் விற்றால் அந்தச் செலவுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். சான்றிதழ் இல்லாமல் எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. சிறு விவசாயி தானே நேரடியாக விற்றால் இயற்கை விளைபொருள் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய உணவு விதிகளே விலக்குத் தருகின்றன. சந்தேகம் வந்தால் வாங்குகிறவர் நேரே தோட்டத்துக்கு வந்து பார்க்கலாம். ஊரெல்லாம் சோறு போட இது போதுமா என்ற கேள்வி மட்டும் வலுவானது. நெல்லும் பருப்பும் இந்த ஒரு ஏக்கரில் முப்பது வீட்டுக்கு விளையாது. காய், கனி, முட்டைக்கான வழி இது. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பது ஏமாற்று. ஆள் வேலையும் கூடுதல்தான். தினம் பறித்து, கட்டி, கொண்டுபோக வேண்டும்.

ஆகவே இந்த முறையில் இறங்க நினைப்பவர் கன்று வாங்குவதற்கு முன்னால் வாங்குகிற வீடுகளை எண்ணுவது நல்லது. முப்பது வீடு சேர்ந்தால் அவர்கள் வாரத்தில் என்ன சமைக்கிறார்கள் என்பதே பாத்தியில் என்ன விதைப்பது என்று சொல்லிவிடும். மாங்காய் அப்போதும் ஒரே மாதத்தில்தான் பழுக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்தை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டியிராது.